சீன எழுத்தில் ஒரு சம்பந்தி அழைப்பு

என் வீட்டுக்காரர் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவர். டைப்பிங் பரீட்சையில் தமிழிலும் இங்கிலீஷிலும் ஹையர் பாஸ் செய்தவர். டைப் அடிக்கும்போது விரல்களைப் பார்க்க மாட்டார். எதிரில் நிற்பவர்கள் தன்னைப் பார்க்கிறார்களா என்றுதான் பார்ப்பார். ஓய்வு பெற்ற பிறகும் பாகூர் பக்கத்து எங்கள் ஊரில் யாருக்காவது மனு எழுத வேண்டுமென்றால் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் கம்ப்யூட்டரைத் தேடித்தான் வருவார்கள். மகன் படிப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டர் அது. மகன் போய்விட்டான், கம்ப்யூட்டர் இவருக்கு வந்து சேர்ந்தது. தூசி படாமல் ஒரு பூப்போட்ட துணி போட்டு மூடி வைத்திருப்பார். எனக்குக் கூட அப்படி ஒரு போர்வை எடுத்துப் போட்டதில்லை.

எங்களுக்கு அவன் ஒரே மகன். சரக்குக் கப்பல் கம்பெனி ஒன்றில் சேர்ந்து சீனாவில் ஒரு துறைமுக ஊருக்குப் போனான். அதே ஆபீஸில் வேலை பார்த்த பெண்ணை அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான். எங்களால் போக முடியவில்லை. ஆபீஸ் மீட்டிங்குக்கு வைத்திருக்கும் ஆப்பில் வீடியோ போட்டுக் காட்டினான். வீடியோவில் தலை மட்டும்தான் தெரியும் என்று தெரிந்தும் இவர் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் கட்டியிருந்ததும் பட்டுப் புடவைதான்.

அந்த வீடியோவில்தான் சம்பந்தியை முதலில் பார்த்தோம். பெண்ணின் அம்மா எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்பா மட்டும் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே பெண். எங்கோ இருந்து வந்த ஒருத்தனைக் கட்டிக்கொண்டு விட்டாள். நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். வலியை வெளியே சொல்லாமல் உட்கார்ந்திருக்கும் ஆட்களை தினமும் பார்க்கிறவள். அந்த முகம் எனக்குப் புரிந்தது.

மருமகள் அப்படி இல்லை. முதல் தடவை எங்களோடு பேசும்போதே தமிழில் பேசினாள்.

"இன்னா மாமா, துன்னியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவருக்கோ வாயெல்லாம் பல். "பாரு, நம்மூரு பொண்ணு கெட்டா போ" என்றார். நான் மகனைத் தனியாகக் கூப்பிட்டு, "கொஞ்சம் மரியாதையா சொல்லிக் குடுக்கக் கூடாதாடா?" என்றேன்.

"எனக்குத் தெரிஞ்சதத்தானமா சொல்லிக் குடுக்க முடியும்" என்றான்.

தை மாதம் ஊரில் ரிசப்ஷன் வைப்பது என்று முடிவானது. மகன், மருமகள், அவள் அம்மா எல்லோரும் வருவதாக இருந்தது. அவள் அப்பா மட்டும் வரவில்லை என்று சொல்லிவிட்டார். அங்கே வந்து யாரோடு பேசுவது, என்ன செய்வது என்று கேட்டாராம். அதை மருமகள் சொன்னபோது எப்போதும் இருக்கிற சிரிப்பு அவள் முகத்தில் இல்லை.

"முறையா கூப்பிடாம எப்டி வருவாரு? நானா இருந்தாலும் வர மாட்டேன்" என்றார் இவர்.

"அப்பா, போன்ல சொல்லியாச்சுப்பா" என்றான் மகன்.

"போன்ல சொல்றது தகவல்டா. கூப்பிடறது வேற."

நேரில் போய்த் தட்டு வைத்துக் கூப்பிட வழியில்லை. அங்கே எல்லோரும் வைத்திருக்கும் ஆப் இங்கே ஓடாது. இங்கே எல்லோரும் வைத்திருக்கும் ஆப் அங்கே ஓடாது. மிச்சம் இருந்தது மெயில்தான். மருமகள் தன் அப்பாவின் போனில் ஒரு மெயில் திறந்து கொடுத்தாள். இவர் அழகான தமிழில் அழைப்பை அடித்து, மொழிபெயர்க்கும் ஆப்பில் போட்டுச் சீனமாக்கி, அனுப்பும் முன்னால் மருமகளிடம் காட்டினார். அவள் படித்துவிட்டுத் தயங்கினாள். "சம்பந்தி அவர்களுக்கு" என்று இவர் எழுதியிருந்தது, "சம்பந்தப்பட்டவருக்கு" என்று மாறியிருந்தது.

"கோர்ட்லேர்ந்து வந்த மாதிரி இருக்குது மாமா" என்றாள்.

இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நானே சீனத்துல அடிக்கிறேன்" என்றார்.

நான் அப்போது அரிசி களைந்துகொண்டிருந்தேன். "மொதல்ல சீனம் தெரியணுமே" என்றேன்.

"பாஷை தெரிஞ்சாத்தான் டைப் அடிக்கணும்னு எவன் சொன்னான்? ஆபீஸ்ல பிரெஞ்சு காயிதம் வந்தா யார் அடிச்சது? நான்தான். ஒரு எழுத்து அர்த்தம் தெரியாது. ஒரு தப்பு கிடையாது."

அந்த பிரெஞ்சுக் காகிதங்களைப் படித்தவர்கள் யாரும் இன்று இல்லை. நான் அரிசியை உலையில் போட்டேன்.

மறுநாள் காலை நான் டியூட்டிக்குக் கிளம்பும்போது வேலை ஆரம்பமானது. கம்ப்யூட்டர் செட்டிங்கில் மொழி சேர்க்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அங்கே சீனம் இரண்டு விதமாக இருந்தது. ஒன்று பாரம்பரியச் சீனம், இன்னொன்று எளிமையாக்கப்பட்ட சீனம்.

"சம்பந்திக்கு எழுதறதுல எளிமையாக்கப்பட்டது வேணாம். மரியாதக் கொறச்சலா இருக்கும்" என்று சொல்லி, பாரம்பரியத்தையே எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் நான் வந்து பார்த்தபோது ஆள் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார். கீபோர்டில் எந்தக் கட்டையைத் தட்டினாலும் தூண்டில் முள் மாதிரியும் கொக்கி மாதிரியும் ஏதேதோ விழுந்துகொண்டிருந்தது. ஹையர் பாஸ் செய்த கை. எப்படி வைத்துத் தட்டினாலும் கொக்கிதான். மருமகளைக் கூப்பிட்டார். அது தைவான்காரர்கள் அடிக்கும் முறை, தங்கள் ஊரில் எளிமையாக்கப்பட்டதுதான் எல்லோருக்கும் என்றாள். இங்கிலீஷ் எழுத்தில் சத்தத்தை அடித்தால் அந்தச் சத்தத்துக்கு உள்ள சீன எழுத்துகள் வரிசையாக வரும், எண்ணைத் தட்டி வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் என்றாள்.

"இங்கிலீஷ் எழுத்துதானா?" என்றார் இவர். முகம் தெளிந்துவிட்டது.

பழையதை நீக்கிவிட்டு எளிமையாக்கப்பட்டதைச் சேர்த்தார். அதைச் சேர்க்கும்போது கம்ப்யூட்டர் சில கேள்விகள் கேட்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கட்டம் இருக்கும். வேண்டியதற்கு மட்டும் டிக் போட வேண்டும். இவர் ஆபீஸில் இருந்த காலம் முழுக்க, ஒரு கட்டம் காலியாக இருந்தால்கூட விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியவர். எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டார். அதில் ஒன்று, இனி கம்ப்யூட்டரே சீனத்தில் பேசட்டுமா என்ற கேள்வி.

ஒரு தடவை அணைந்து திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர் முழுக்கச் சீனமாகி இருந்தது. எல்லா மெனுவும் சீனம். எங்கே தட்டினால் என்ன வரும் என்று தெரியவில்லை. அணைப்பதற்கான இடம்கூடத் தெரியவில்லை. இவர் சட்டையை மாட்டினார்.

"எங்க கெளம்பறீங்க?"

"தவளக்குப்பத்துல ரிப்பேர் கடைக்கு எடுத்துனு போறேன். ஸ்கூட்டர்ல முன்னாடி வெச்சினு போயிடலாம்."

"கடைக்காரர் இன்னா கேப்பாரு தெரியுமா? தலைமை எழுத்தரா இருந்தவரு கம்ப்யூட்டரு எப்டிங்க சீனாவுக்குப் போச்சுன்னு கேப்பாரு."

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார்.

அன்றைக்கு மருமகள்தான் காப்பாற்றினாள். நான் போனை கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன். அவள் அங்கிருந்து பார்த்துப் படித்துச் சொல்ல, இவர் மௌஸைப் பிடித்தார். எதற்கும் அவளுக்குத் தமிழ்ப் பெயர் தெரியாது, எங்களுக்குச் சீனம் தெரியாது. படத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"மாமா, கீழ பூ மாதிரி இருக்குது பாரு. அத்த அமுக்கு."

பூ என்றால் செட்டிங்கின் பல்சக்கரம். அமுக்கினார்.

"இப்ப கடியாரம். கடியாரம் அமுக்கு. அத்தை, கை ஆடுது உனக்கு."

ஊரில் பாதிப் பேருக்கு ஊசி போட்ட கை இது. ஆடுகிறதாம். அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். இவர் பக்கத்தில் இருந்த வேறு எதையோ தொடப் போனார்.

"மாமா, அத்த தொடாத. தொடாதன்னா தொடாத."

"தொடல, தொடல" என்று கையை எடுத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லி இப்படி உடனே கையை எடுத்துப் பார்த்ததில்லை.

கடைசியில் திரை இங்கிலீஷுக்குத் திரும்பியது. சீனம் டைப் அடிக்க மட்டும் வைத்துக்கொண்டோம். இரண்டு கட்டைகளைச் சேர்த்து அமுக்கினால் தமிழ், இங்கிலீஷ், சீனம் என்று ஓரத்தில் மாறும். இவர் சின்னப்பிள்ளை மாதிரி மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவருக்கும் மருமகளுக்கும் தனியாக ஒரு பேச்சு ஓட ஆரம்பித்தது. மகன் வீடியோவில் வந்தால், "நீ இரு, அந்தப் பொண்ணக் கூப்பிடு" என்பார்.

டைப் பழகுவது வேறு கதை. ஷிஃப்ட் கட்டையைச் சும்மா தட்டினாலே சீனம் போய் இங்கிலீஷ் வந்துவிடும், இன்னொரு தட்டு தட்டினால் திரும்பச் சீனம். பழைய டைப்ரைட்டர் பழக்கத்தில் இவர் சுண்டுவிரல் எப்போதும் ஷிஃப்ட் மேலேயே கிடக்கும். பாதி வரி சீனத்திலும் பாதி இங்கிலீஷிலும் விழும். போதாததற்குச் சீனத்தில் முற்றுப்புள்ளி புள்ளியாக வராது, சின்ன வட்டமாக வரும். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் மின் இணைப்புக்கு இவரிடம் மனு அடித்து வாங்கிக்கொண்டு போனார். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரு வட்டம். மனுவைப் படித்த அதிகாரி, இது என்ன கோலம் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டாராம். ஆனால் இணைப்பு கிடைத்துவிட்டது.

ஒரு நாள் சாப்பிடும்போது இவர் சொன்னார், "நாங்கன்னு சீனத்துல வரணும்னா இன்னா அடிக்கணும் தெரியுமா? டபிள்யூ, ஓ, எம், ஈ, என்."

"அது இங்கிலீஷ்ல பொம்பளைங்கதானே?"

"ஆமா. விமென்னு அடிச்சா பொம்பளை வரல. நாங்கன்னு வருது."

"சரியாத்தான் வருது. பொம்பளைங்க இல்லாம எந்த வூட்ல நாங்கன்னு ஒன்னு இருக்குது?"

குழம்பை ஊற்றிக்கொண்டார்.

அழைப்பை மருமகளிடம் காட்டக் கூடாது என்று அவருக்கு ஒரு பிடிவாதம். அவள் திருத்திக் கொடுத்தால் அது அவள் எழுதியதாகிவிடுமாம். அதனால் ஒவ்வொரு சொல்லாக, சம்பந்தமில்லாத நேரத்தில் கேட்டுக்கொள்வார். ஒரு நாள், "உங்க ஊர்ல சம்பந்தின்னு சொல்ல வார்த்தை இருக்குதா?" என்று கேட்டார். இங்கிலீஷில் அதற்குச் சொல்லே கிடையாது என்பது அவருக்குப் பழைய குறை. இருக்கிறது என்றாள் மருமகள். பெண்ணைக் கொடுத்தவரும் எடுத்தவரும் ஒருவரை ஒருவர் கூப்பிட அங்கேயும் தனிச் சொல் உண்டு. 'சிங்ஜியா' என்கிற மாதிரி சொன்னாள். கியூவில் ஆரம்பிக்க வேண்டும் என்றும் சொன்னாள். இவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பார்த்தியா, வெள்ளைக்காரனுக்கு இல்லாதது அவங்களுக்கு இருக்குது. நம்மளவிட்டுப் போவல அந்த ஜனங்க" என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

இன்னொரு நாள் பெண்ணுக்கு என்ன சொல் என்று கேட்டார். அவள் உதட்டைக் குவித்து, 'நூ'வுக்கும் 'நீ'க்கும் நடுவில் ஒரு சத்தம் போட்டாள். கூடவே அந்த எழுத்தைத் தாளில் எழுதி வீடியோவில் காட்டினாள். காலை மடக்கி உட்கார்ந்த ஆள் மாதிரி இருந்தது. இவர் காதில் விழுந்தது நூ.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குளித்துவிட்டு, விபூதி பூசிக்கொண்டு அழைப்பை அடிக்க உட்கார்ந்தார். நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். சம்பந்தி என்பதற்கான சத்தத்தை அடித்ததும் முதலாவதாக இரண்டு எழுத்து சேர்ந்து வந்தது. எண் ஒன்றைத் தட்டினார். வணக்கம் சொன்னார். எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்றார். அப்புறம் தட்டுவதை நிறுத்திவிட்டுத் திரையை உற்றுப் பார்த்தார்.

"இன்னா ஆச்சு?"

"உன் பொண்ணு எங்க பொண்ணுன்னு எழுதணும். நூன்னு அடிச்சா அந்த உட்கார்ந்த ஆளு வர மாட்டேங்குது. ஆனா இங்க ஒன்னு இருக்குது பாரு."

எழுந்து போய்ப் பார்த்தேன். ஓர் எழுத்துக்குள்ளே, இடது பக்கம், அந்த உட்கார்ந்த ஆள் இருந்தது. பக்கத்தில் வேறு ஏதோ. கீழே தனியாக இன்னொன்று.

"கீழ இருக்குதே, அது மனசு. அத்த எனக்குத் தெரியும், மருமவ சொல்லியிருக்குது. பொண்ணும் இருக்குது, மனசும் இருக்குது. இதவிட வேற இன்னா வேணும்?"

எனக்கும் சரியாகத்தான் பட்டது. எடுத்துக்கொண்டார். கடைசியில் உங்களுக்காகக் காத்திருக்கிறோம் என்று போட்டு, தன் பெயரை மட்டும் தமிழில் அடித்து, அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டருக்குப் போர்வையைப் போர்த்தினார்.

பதில் வரவில்லை. தினமும் காலையில் போர்வையை எடுத்துப் பார்ப்பார். திரும்பப் போடுவார். "நெட்டு ஸ்லோவா இருக்குது" என்று அவரே சொல்லிக்கொள்வார். ஒரு கட்டத்தில் எனக்கே மனசு கேட்கவில்லை. கேலி பண்ணுவதை நிறுத்திவிட்டேன். நான் நிறுத்தியதும் அவர் இன்னும் பயந்துவிட்டார்.

பிறகு ஒரு நாள் சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போது, "வந்துருக்குது" என்றார். செருப்பைக்கூட விடவில்லை நான். திரையில் இரண்டே வரி. கீழே இவர் அனுப்பிய அழைப்பும் அப்படியே இருந்தது. உடனே மருமகளைக் கூப்பிட்டோம். நான் போனைப் பிடித்தேன்.

அவள் முதலில் கீழே இருந்த இவருடைய அழைப்பைப் படித்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தேன். சிரிப்பு.

"மாமா, நீ சம்பந்தின்னு எழுதல. லீவு வேணும்னு எழுதிட்ட."

அந்தச் சத்தத்துக்கு முதலில் வருவது விடுப்புக் கேட்பது என்ற சொல்லாம். சம்பந்தி கீழே எங்கோ இருந்திருக்கிறார். இவர் ஒன்றைத் தட்டிவிட்டார்.

"அப்றம்?" என்றார் இவர், சின்னக் குரலில்.

"பொண்ணுக்கு யூ அடிக்கக் கூடாது மாமா, வி அடிக்கணும். நான் சொல்ல மறந்துட்டேன். நீ எழுதினது கோவம். உன் கோவம் எங்க கோவம்னு எழுதிட்ட."

இவர் திரையில் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீஸில் இருந்த காலம் முழுக்க ஒரு தப்பில்லாமல் அடித்தவர். இப்போது, மகளைத் தூரதேசத்துப் பையனுக்குக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும் ஒரு மனிதருக்கு லீவு கேட்டு எழுதி, கோபத்தையும் எழுதி அனுப்பியிருக்கிறார்.

"சரிம்மா, அதுக்கு உங்கப்பா இன்னா எழுதியிருக்காரு? அத்த சொல்லு" என்று நான்தான் கேட்டேன்.

அவள் மேலே இருந்த இரண்டு வரியைப் படித்தாள். சிரிப்பு அடங்கியது. இன்னொரு தடவை படித்தாள்.

"லீவு குடுத்தாச்சுன்னு எழுதியிருக்காரு."

அவள் அப்பா ஒரு சர்க்கரை ஆலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதையும், அவருக்குக் கீழே இருந்தவர்களின் விடுப்புச் சீட்டுகளில் கையெழுத்துப் போடுவதுதான் அவருடைய பெரிய அதிகாரம் என்பதையும் அவள் அப்போதுதான் சொன்னாள்.

"ரெண்டாவது வரி?"

"கோவத்த நேர்ல பேசிக்கலாம்னு எழுதியிருக்காரு." கொஞ்சம் பொறுத்து, "அப்டின்னா வராரு அத்தை" என்றாள். அதற்கப்புறம் அவள் முகம் திரையில் தெரியவில்லை. போனை எங்கோ வைத்துவிட்டாள். எங்கள் மகன் அவளோடு மெதுவாகப் பேசும் சத்தம் மட்டும் கேட்டது.

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "லீவுன்னா முறையா காரணம் எழுதணும். நான் காரணம் எழுதாமலே சாங்ஷன் பண்ணிட்டாரு. நல்ல ஆபீசர்" என்றார்.

தை பிறந்து அவர்கள் வந்தார்கள். வாசலில் காரிலிருந்து இறங்கிய சம்பந்தி கறுப்புக் கோட்டு போட்டிருந்தார், நெற்றியெல்லாம் வியர்வை. இவர் பழகி வைத்திருந்த சீன வணக்கத்தைச் சொன்னார். அதே நேரத்தில் அவர் பழகி வந்திருந்த தமிழ் வணக்கத்தைச் சொன்னார். இருவரும் தாங்கள் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று பயந்து, உடனே இவர் தமிழுக்கு மாற, அவர் சீனத்துக்கு மாறினார். மூன்றாவது தடவையும் ஆரம்பித்தார்கள். நான் ஆரத்தித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். கற்பூரம் அணைந்துவிடும் என்று சொல்லித்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

சம்பந்தியம்மா வந்த அன்றே சமையற்கட்டுக்குள் வந்துவிட்டார். வீராம்பட்டினத்திலிருந்து வந்த மீனைப் பார்த்ததும், தலையை வெட்ட வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பங்குக்கு முழு மீன், எங்கள் பங்குக்குக் குழம்பு என்று ஒப்பந்தமானது. நாங்கள் இரண்டு பேரும் எந்தக் கட்டையையும் தட்டவில்லை.

மறுநாள் காலை இவர் போர்வையை எடுத்து, கம்ப்யூட்டரைக் காட்டி, சம்பந்தியை நாற்காலியில் உட்கார வைத்தார். சீனம் வந்திருக்கிறது, எதை வேண்டுமானாலும் எழுதுங்கள் என்று கையால் காட்டினார். சம்பந்தி ஒரு விரலால் ஒரு கட்டையைத் தட்டினார். யோசித்தார். இன்னொன்றைத் தட்டி அழித்தார். பிறகு மகளைப் பார்த்து ஏதோ சொன்னார். மருமகள் சிரித்துக்கொண்டே எங்களிடம் சொன்னாள். அவர் வீட்டில் பேசுவது அவர்கள் ஊர்ப் பேச்சு. பள்ளிக்கூடத்தில் படித்த சத்த எழுத்தெல்லாம் மறந்துவிட்டது. போனில் விரலால் எழுத்தை வரைந்துதான் அவருக்குப் பழக்கம். டைப் அடிக்கத் தெரியாது.

இவர் முகத்தில் அப்போது வந்த ஒளியை ரிசப்ஷன் மண்டபத்து சீரியல் பல்பிலும் நான் பார்க்கவில்லை. பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சம்பந்தி சொல்வார். மருமகள் அதன் சத்தத்தை இங்கிலீஷ் எழுத்தில் சொல்வாள். இவர் விரலைப் பார்க்காமல் அடிப்பார். வரிசையாக வரும் எழுத்துகளில் எது என்று சம்பந்தி விரலை வைத்துக் காட்டுவார். இவர் அந்த எண்ணைத் தட்டுவார். ஊரிலிருக்கும் தன் தம்பிக்குச் சம்பந்தி ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதினார். சாயங்காலத்துக்குள் டீக்கடை முழுக்கச் செய்தி போய்விட்டது. சீனாக்காரருக்கே சீனம் அடித்துக் கொடுத்தவர்.

"அர்த்தம் தெரியாமலே அடிச்சீங்களே" என்றேன்.

"அடிக்கிறவன் வேலை அடிக்கிறது. அர்த்தம் மேலிடத்துக்கு" என்றார்.

ரிசப்ஷன் நன்றாகவே நடந்தது. ஊரில் எல்லோரும் சம்பந்தியோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு போட்டோவுக்கும் அவர் எழுந்து நின்றார். அதற்கடுத்த நாள் காலையில் இரண்டு ஆண்களும் நடந்து போய் எங்கள் கரும்புக் கொல்லையைப் பார்த்துவிட்டு வருவதாகக் கிளம்பினார்கள். மருமகள் கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று அவள் அப்பா கையைக் காட்டிவிட்டார். வெயில் ஏறித்தான் திரும்பி வந்தார்கள். சம்பந்தி கோட்டைக் கழற்றித் தோளில் போட்டிருந்தார். கால்சட்டை முழங்கால் வரை மண். இரண்டு பேர் கண்ணும் கொஞ்சம் சிவந்திருந்தது. கரும்புத் தோகை பட்டால் கண் அரிக்கும்தான்.

இவர் முகம் கழுவும்போது துண்டைக் கொடுத்துக்கொண்டே, "கோவத்தப் பத்திப் பேசினீங்களா?" என்றேன்.

"பேசினோம்."

"எந்த பாஷைல?"

"அவரு அவரு பாஷைல பேசினாரு. நான் என் பாஷைல."

"இன்னா சொன்னாரு?"

"நெறையா சொன்னாரு" என்று துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அதிக நேரம் துடைத்தார்.

அன்றைக்கு மத்தியானம் சம்பந்தி எங்கள் மகனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிட்டார். கல்யாணமாகி அதுதான் முதல் தடவை என்று மருமகள் என் காதில் சொன்னாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் சம்பந்தி மகளிடம் ஒரு வாக்கியம் சொன்னார். அவள் சொல்லத் தயங்கினாள். இவர் விடவில்லை.

"உன் கரும்பு ரொம்ப ஒல்லின்னு சொல்றாரு மாமா."

இவர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். கரும்பு ஒல்லி என்பதை அவர் என்னிடமிருந்து கேட்டிருந்தால் அன்றைக்கு வீடு வேறு மாதிரி இருந்திருக்கும். சம்பந்தி சொன்னதால், "தண்ணி கொறச்சல்" என்று மட்டும் சொன்னார். அதை மருமகள் மொழிபெயர்க்கவும் இல்லை.

அவர்கள் ஊருக்குப் போய் மாதங்களாகிவிட்டன. இப்போது மெயில் போவதும் வருவதுமாக இருக்கிறது. இவர் விடுப்பைத் தாண்டிச் சம்பந்தியைச் சரியாகத் தேர்ந்தெடுக்கப் பழகிவிட்டார். பேச்சு முழுக்க உரம், பூச்சி, வெட்டிய அடிக்கட்டையைத் துளிர்க்க விடுவது, தண்ணீர். சந்தேகம் வந்தால் மருமகளுக்கு போன் போகும். போன வாரம் சம்பந்தி தன் ஊர்ப் பக்கத்துக் கரும்பை ஒரு போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். ஒவ்வொன்றும் என் மணிக்கட்டுப் பருமன். உங்களுடையதை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்.

நேற்று டியூட்டி முடிந்து வரும்போது பார்க்கிறேன். இவர் கொல்லை வரப்பில் ஒரு தடித்த கரும்பைக் கையில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, போனை நீட்டித் தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டிருந்தார். கரும்பு முன்னால் பெரிதாகவும், தலை பின்னால் சின்னதாகவும் தெரிகிற மாதிரி நின்றிருந்தார். ஸ்கூட்டியை நிறுத்தினேன்.

"இது நம்ம கொல்லையில வெளஞ்சதா?"

"பக்கத்துக் கொல்லைக்காரர் குடுத்தாரு" என்றார். "அதெல்லாம் போட்டோவுல தெரியாது. நீ இந்தப் பக்கம் வந்து போனப் புடி. உனக்குக் கை ஆடாது."